டெஸ்ஸின் ரம்பம் ஓடாத நாட்கள்

நவம்பரில் அப்படியொரு உறைபனி விழும் என்று டன்கேர்னில் யாரும் நினைக்கவில்லை. மேட்டு நிலத்து ஊர் என்பதால் குளிர் எங்களுக்குப் புதிதல்ல. ஜூலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும், கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு நவம்பர் என்றால் வசந்தம் முடிந்து கோடை எட்டிப் பார்க்கும் சமயம். அக்டோபர் முழுக்க அடித்த வெயிலை நம்பி, பெரிய தெருவின் மேப்பிள் மரங்களெல்லாம் தளிர்விட்டு நின்றன.

அந்தத் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள் நான். அன்று காலை கதவைத் திறந்தபோது ஒவ்வோர் இலைக்கும் வெள்ளையாக ஓரம் கட்டியிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. வெயில் ஏறியதும் அந்த வெள்ளை உருகியது. மதியத்துக்குள் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு, கறுத்துத் தொங்கிவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் அப்படித்தான்.

எங்கள் ஊர் பிழைப்பதே அந்த மரங்களால். ஏப்ரலிலும் மேயிலும் இலைகள் செக்கச்செவேலென்று மாறி உதிரும். அதைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருவார்கள். அவர்கள் வந்தால்தான் எங்களுக்கெல்லாம் வருஷம் ஓடும். அதனால் அன்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த ஒவ்வொருவர் முகத்திலும் ஏதோ சாவு வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு களை இருந்தது.

நகரசபைத் தோட்டப் பிரிவு என்றால் வெர்னாதான். முன்பு அந்தப் பிரிவில் ஒரு கூட்டமே வேலை பார்த்தது. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் வேறு ஊருக்குப் போனார், அந்த இடங்களுக்கு யாரையும் எடுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது வெர்னாவும் ஒரு தண்ணீர் வண்டியும். அறுபதை நெருங்கும் வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் என் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் போவாள்.

"நெரிடா, இன்னிக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடு," என்றாள் அன்று.

"செத்துப்போச்சா வெர்னா எல்லாம்?"

"இலைதான் செத்திருக்கு. மரத்தப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"என்ன பண்ணப்போற?"

"தண்ணி விடுவேன். அடியில மரச்சீவலப் போட்டு மூடுவேன். இலை இல்லாத மரத்துல வெயில் நேரா பட்டா பட்டை வெந்துடும், அதனால தண்டுக்குச் சாக்கு சுத்துவேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். அதுதான் இந்த ஊர்ல யாராலயும் முடியாது."

அவள் சொன்னபடியே ஆயிற்று. வழியில் பார்ப்பவர்களெல்லாம் அவளை நிறுத்தி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். வெட்டாதீங்க, உரம் போடாதீங்க, காத்திருங்க என்று அவளும் சொன்னாள். அது யாருக்கும் பிடிக்கவில்லை. மருந்துக்கடை கில்பர்ட் தன் கடை வாசல் மரத்தடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மூட்டை உரத்தைக் கொட்டிவிட்டான். வெர்னா குனிந்து அதையெல்லாம் கையால் அள்ளி எடுத்தாள்.

"நல்லதுக்குத்தானே போட்டேன்," என்றான் கில்பர்ட்.

"ஜன்னி வந்து படுத்திருக்கறவன் வாயில வறுத்த ஆட்டுக்கறியத் திணிப்பியா கில்பர்ட்? நீ மருந்துக்கடை வச்சிருக்கற ஆளு."

கில்பர்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுத்த மரத்துக்குப் போனாள்.

டெஸ் அவளுடைய தம்பி. மனைவி வீட்டைவிட்டு அனுப்பியதிலிருந்து வெர்னாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தான். மரம் வெட்டுவது அவன் தொழில். பழைய பிக்கப் வண்டி ஒன்று, ஏணி, மெஷின் ரம்பம், கயிறுகள். வேலை தெரிந்தவன்தான். ஆனால் எப்போது கேட்டாலும் "நாளைக்கு வரேன்" என்பான். அதனால் ஊரில் அவனுக்கு நாளைக்கு டெஸ் என்றே பெயர். பல வருஷமாக அவனை யாரும் வேலைக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பனி விழுந்த மறுநாளிலிருந்து அவன் போன் ஓயவில்லை.

வீட்டுத் தோட்டங்களிலும் மரங்கள் கருகியிருந்தன. மக்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கறுப்பாகத் தொங்கும் மரத்தைத் தினமும் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியவில்லை. டெஸ்ஸைக் கூப்பிட்டார்கள். டெஸ் போனான், வெட்டினான். என் கடைக்கு வந்து இரண்டு சாஸேஜ் ரோல் சாப்பிட்டு, கையோடு காசும் கொடுத்தான். நிமிர்ந்து நடந்தான். அவன் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மிச்சமான ரொட்டியைக் கொடுக்க வெர்னாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் ஆட்டுக்கறித் துண்டும் மசித்த உருளைக்கிழங்கும் ஆறிப்போயிருந்தன.

"வெட்டறதுக்கு முன்னாடி பட்டையச் சுரண்டிப் பாக்கறியா இல்லையா?" என்றாள் வெர்னா.

"அவங்க வெட்டச் சொல்றாங்க. மரத்துக்கு நாடி பிடிச்சுப் பாக்கவா என்னக் கூப்பிடறாங்க?"

"நகத்தால ஒரு கீறல். உள்ள பச்சையா இருந்தா உசிரு இருக்கு. அதுக்கு எவ்ளோ நேரம்டா ஆகும்?"

"பச்சைன்னு தெரிஞ்சா? அப்புறம் என்ன சொல்லணும்? 'அம்மா, மரம் நல்லா இருக்கு, நான் வீட்டுக்குப் போறேன்'னா?"

"ஆமா."

"நீ மாசாமாசம் சம்பளம் வாங்கறவ வெர்ன். உனக்கு அது சுலபம்."

"சம்பளம் வாங்கறேன். அதுக்கு அஞ்சு பேரு வேலையும் பாக்கறேன். உனக்குச் சமைச்சும் போடறேன்."

டெஸ் கத்தியால் கறியை அறுத்தான். "உப்பு பத்தல," என்றான் கடைசியில். வெர்னா உப்புச் சீசாவை அவன் பக்கம் தள்ளினாள். நான் ரொட்டியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு வெர்னா வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். யார் சொல்லியும் இல்லை. கதவைத் தட்டி, மரத்தடிக்குக் கூட்டிப்போய், கிளையின் பட்டையை நகத்தால் கீறிக் காட்டுவாள். பச்சை தெரிந்தால் பல பேர் நம்பினார்கள். வெட்டச் சொன்னதை வாபஸ் வாங்கினார்கள். அப்படி ஒவ்வொருவரும் வாபஸ் வாங்கும்போது தம்பியின் ஒரு நாள் வேலை போகிறது என்பது அவளுக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது.

மிஸஸ் ஹாடோ வீட்டில்தான் அவள் உடைந்துபோனாள். தேவாலயத்துக்குப் பின்னால் தனியாக இருக்கும் அம்மாள் அவர். வாசலில் பெரிய மேப்பிள் மரம் நின்றது. வெர்னா பட்டையைக் கீறினாள். வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி பச்சையாகத் தெரிந்தது.

"பாருங்க, நல்லா உசிரோட இருக்கு. கிறிஸ்துமஸுக்குள்ள தளிர் வந்துடும்."

"தெரியுது கண்ணு," என்றார் மிஸஸ் ஹாடோ. "உசிரோட இருக்குன்னு எனக்கும் தெரியும். எனக்குத்தான் முடியல. வருஷா வருஷம் சருகு கூட்டறேன். கூட்டிக் கூட்டி இடுப்பு போச்சு. இந்தப் பனி வந்தப்போ, அப்பாடா, இனிமே இத எடுத்துடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ வந்து பச்சையக் காட்டற."

நான் வந்து கூட்டித் தருகிறேன் என்று சொல்ல வெர்னா வாயெடுத்தாளாம். தன் முழங்கால்களை நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டாளாம். மறுநாள் டெஸ் போய் அந்த மரத்தை வெட்டினான். அடிமரத்திலிருந்து சாறு வழிந்து நடைபாதை நனைந்திருந்தது.

"அந்தம்மா சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல நெரிடா," என்றாள் வெர்னா. டீ ஆறிக்கொண்டிருந்தது. "அதுதான் என்னமோ பண்ணுது." அன்றோடு அவள் வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் முடியும் தறுவாயில் நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது. பெரிய தெரு மரங்களை எடுத்துவிட்டு, பனி தாங்கும் அலங்காரப் பேரி மரங்களை வைப்பது என்று. டிசம்பரில் பெரிய தெருவில்தான் கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரி நடக்கும். கருகிய மரங்களுக்கு நடுவே குழந்தைகளை நிறுத்திப் பாட வைக்க முடியாது என்று கடைக்காரர்கள் பலர் கத்தியிருந்தார்கள். மேலாளர் ஆல்ட்ரிட்ஜ் கெட்ட மனுஷர் அல்ல. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லோரும் தன்னைத் திட்டுவார்களோ என்ற பயம் மட்டும் உண்டு. வெர்னா அவர் அறைக்குப் போனாள்.

"டிசம்பர் பாதி வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள மரமே சொல்லிடும்."

"எனக்குப் புரியுது வெர்னா. ஆனா தினமும் போன் வருது. நான் என்ன சொல்றது, மரம் யோசிச்சுக்கிட்டு இருக்குன்னா?"

"அப்படித்தான் சொல்லுங்க."

"முடிவெடுத்தாச்சு. வெளியூர் ஆளுங்க எல்லாரும் மத்த ஊர்கள்ல பனியில கருகின மரங்கள வெட்டிக்கிட்டு இருக்காங்க. உங்க தம்பி ஒத்துக்கிட்டாரு. திங்கட்கிழமை ஆரம்பிக்கறாரு."

அதை அவள் ஆல்ட்ரிட்ஜ் வாயால்தான் முதன்முதலில் கேள்விப்பட்டாள்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நான் நினைத்தேன். டெஸ்ஸும் அப்படித்தான் நினைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். வெர்னா வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். சமைக்கவில்லை.

"ஆல்ட்ரிட்ஜ் சொல்லிட்டாரா?" என்று அவனே கேட்டிருக்கிறான்.

"சொன்னாரு."

"நான் இல்லன்னா வேற எவனாவது வெட்டத்தான் போறான் வெர்ன்."

"ஆமா."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"எனக்குக் களைப்பா இருக்கு டெஸ். உனக்கு எது சரியோ அதச் செய். ஃப்ரிட்ஜுல முட்டை இருக்கு."

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் கடைப் பின்கட்டில் பழைய மரப்பலகைகளை அறுத்துத் தர வந்தபோது டெஸ்தான் இதை எனக்குச் சொன்னான். "திட்டியிருந்தா பரவால்ல," என்றான். பிறகு ரம்பத்தின் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பலகையெல்லாம் கொஞ்ச நேரத்தில் துண்டாகிக் கிடந்தது.

திங்கட்கிழமை தெருவை அடைத்தார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். ஆல்ட்ரிட்ஜ் வந்து நின்றார். கடைக்காரர்கள் வெளியே வந்தோம். டெஸ் ஏணியைச் சாத்தி, தொப்பி போட்டு, கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினான். ரம்பத்தை இழுத்தான். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். இருமியது, நின்றது. மத்தியானம் வரை இழுத்துக்கொண்டே இருந்தான்.

"கார்புரேட்டர்," என்றான் இறங்கி வந்து. "பார்ட்ஸ் டாம்வொர்த்லேர்ந்து வரணும்."

பார்ட்ஸ் வந்தது. அது வேறு மாடலுக்கு உரியதாம். திருப்பி அனுப்பினான். சரியானது வந்தபோது அவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலையை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். கழுத்து சரியானதும், தபால் நிலையத்தைத் தாண்டிய மரத்தில் மாக்பை கூடு இருக்கிறது, குஞ்சு பறக்கிற வரை அந்த வரிசையைத் தொடக்கூடாது என்றான். அது உண்மைதான். ஆல்ட்ரிட்ஜே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எதிர் வரிசைக்கு ஏணியை மாற்றியபோது ரம்பத்தின் சங்கிலி மழுங்கியிருந்தது.

ஊரே சிரித்தது. என் கடையில் வரிசையில் நின்றவர்கள் அவன் காதுபடவே பேசினார்கள்.

"என்ன டெஸ், நாளைக்கா?"

"நாளைக்குத்தான்," என்பான் அவன், சாஸேஜ் ரோலைக் கடித்துக்கொண்டே.

"எந்த வருஷத்து நாளைக்கு?"

"அவசரப்பட்டா கை போயிடும் ஐயா."

வெர்னா தினமும் அதே தெருவில் தண்ணீர் விட்டாள். வெட்டப்போகிற மரங்களுக்கு எதற்குத் தண்ணீர் என்று ஆல்ட்ரிட்ஜ் கேட்டதற்கு, "வெட்டற வரைக்கும் அது என் வேலை," என்றாள். அவள் குழாயை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போவாள், டெஸ் வண்டியில் கால்மேல் கால் போட்டு மறுபக்கம் உட்கார்ந்திருப்பான். முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் அவள் கடையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பலகை அறுத்ததைச் சொன்னேன். ஒரே இழுப்பில் ரம்பம் பிடித்துக்கொண்டதையும் சொன்னேன்.

அவள் கோப்பையை வைத்தாள். ஜன்னல் வழியே டெஸ்ஸின் வண்டியைப் பார்த்தாள்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத," என்றாள்.

கடைசியில் ஆல்ட்ரிட்ஜுக்குப் பொறுமை போயிற்று. எல்லோரும் பார்க்க நடுத்தெருவில் வைத்தே டெஸ்ஸை வேலையிலிருந்து நீக்கினார். "இந்த ஊர்ல உங்களுக்கு இனிமே நகரசபை வேலை கிடையாது," என்றார். டெஸ் தலையாட்டினான். கூம்புகளை அவனே எடுத்து அடுக்கி வைத்துவிட்டுப் போனான். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு ஆல்ட்ரிட்ஜ் போன் போட்டார். புது வருஷத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்றார்கள்.

மருந்துக்கடை வாசல் மரம்தான் முதலில் துளிர்த்தது. கிளை நுனியில் அல்ல, தண்டோடு ஒட்டி, அடிக்கிளைகளின் கவட்டில், தீக்குச்சித் தலை மாதிரி சிவப்பாகச் சின்னச் சின்ன மொட்டுகள். கில்பர்ட்தான் ஓடிவந்து சொன்னான். அடுத்த சில நாட்களில் தெரு நெடுகவும் அப்படித்தான். பழைய கறுத்த இலைகள் தாமாகவே உதிர்ந்தன. பாட்டுக் கச்சேரி அன்று மரங்கள் மொட்டையும் துளிருமாக, அம்மை போட்டு எழுந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டுவது பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. ஆல்ட்ரிட்ஜ் வெளியூர்க்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெர்னாவிடம் அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. மரச்சீவல் இன்னும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாள்.

எல்லா மரமும் பிழைக்கவில்லை. தபால் நிலையத்து வாசலில் சமீபத்தில் நட்ட இளமரங்களில் காலை வெயில் படும் பக்கம் பட்டை நெடுக்கப் பிளந்திருந்தது. வெர்னா ஒவ்வொரு கிளையாக, பிறகு தண்டில், பிறகு வேரடியில் கீறிப் பார்த்தாள். எங்கே கீறினாலும் பழுப்புதான். அவற்றுக்கு அவள் ஊற்றிய தண்ணீர்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

"இத எடுத்துடணும்," என்று ஆல்ட்ரிட்ஜிடம் அவளே போய்ச் சொன்னாள். "டெஸ் எடுப்பான்."

"டெஸ்ஸா? வேணாம் வெர்னா."

"சும்மா எடுத்துத் தருவான். நான் சொல்றேன்."

டெஸ் வந்தான். கூம்பு வைத்தான், ரம்பத்தை ஒரே இழுப்பு இழுத்தான். மரங்களை நேர்த்தியாக அறுத்துச் சாய்த்து, கட்டைகளை அளவாக அடுக்கி, தூசு கூட்டி, நான் கடையில் மதிய ரொட்டியை அடுக்குவதற்குள் முடித்துவிட்டான். ரம்பம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஆல்ட்ரிட்ஜ் கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்கு நல்லா ஓடுதே," என்றார்.

"இன்னிக்கு அதுக்கு மனசு இருக்கு," என்றான் டெஸ்.

வெர்னா பக்கத்தில் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சுருட்டுவதைத் தொடர்ந்தாள்.

அதோடு டெஸ்ஸின் பிழைப்பு ஊரில் முடிந்தது. மரங்கள் துளிர்த்துவிட்டதால் வெட்டக் கூப்பிடவும் ஆள் இல்லை. கூப்பிட நினைத்தவர்களுக்கும் ஓடாத ரம்பத்தின் கதை நினைவுக்கு வந்தது. ஜனவரியில் தெற்கே ஆப்பிள் தோட்டங்களில் அதிகப்படிக் காய்களைக் கிள்ளி எடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். வெர்னா அவனுக்குக் கறி வைத்து ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ரம்பத்தைப் பற்றி அன்றும் அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"உப்பு போட்டிருக்கேன்," என்றாளாம்.

"பாக்கறேன்," என்றானாம்.

பிப்ரவரியில் அவள் ஏணி போட்டு, உயிர் வராத கிளை நுனிகளைக் கழிக்க ஆரம்பித்தாள். எது போனது, எது நின்றது என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரியும். பச்சை தொடங்கும் இடத்துக்கு மேலே கத்தரி வைத்து வெட்டுவாள், இறங்குவாள், ஏணியை நகர்த்துவாள், மறுபடி ஏறுவாள். புது இலைகள் சிறியவை. சில மரங்கள் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருந்தன. இந்த வருஷம் சிவப்பு சுமாராகத்தான் இருக்கும், பேருந்துகளும் குறைவாகத்தான் வரும் என்று எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது அவள் ஏணியின் பாதியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் டெஸ். முதுகு வலிக்கிறது, தோட்டக்காரன் சிடுமூஞ்சி, தங்கற இடத்தில் எலி என்று அவன் அடுக்கிக்கொண்டே போவது எனக்கே கேட்டது. அவள் நெற்றியை ஏணிப்படியில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை மறுபடி போன் பண்ணு. வச்சுடவா, இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கு."